அட்டை, மரவட்டை, கடல் அட்டை: இதுல அன்னலிடா எது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். உடற்குழியை, அதாவது குடலுக்கும் உடல் சுவருக்கும் நடுவுல இருக்கற இடத்தைப் பத்திப் பேசின வீடியோவுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணை இன்னைக்கு எடுத்துக்கறேன். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தர் எழுதியிருக்காங்க. அப்படியே படிக்கிறேன். "சார், அட்டை, மரவட்டை, கடல் அட்டை மூணுக்கும் பேர்ல அட்டை இருக்கு. மூணும் அன்னலிடாவா? மரவட்டைக்கு மண்புழுவை விடப் பளிச்சுனு வளையம் தெரியுது, அதை ஏன் அன்னலிடாவுல சேர்க்கல? பரீட்சையில அன்னலிடான்னு எழுதணுமா, அன்னலிடுகள்னு எழுதணுமா?"

பிரமாதமான கேள்வி. மூணு கேள்வி இருக்கு இதுல. மரவட்டைக்கு வளையம் இருக்கே, ஏன் சேர்க்கலைங்கற நடுக்கேள்வி இருக்கு பாருங்க, பெரிய பெரிய விலங்கியல் அறிஞர்களே ரொம்ப காலம் தடுமாறின இடம் அது. அங்கதான் நாம நிறைய நேரம் நிக்கப் போறோம். முதல் கேள்வியைச் சட்டுனு முடிச்சிடலாம்.

மூணுல அட்டை மட்டும்தான் அன்னலிடா, அதாவது மண்புழு இருக்கற விலங்குப் பெரும்பிரிவு (தொகுதி). குளத்துல, வயல்ல மாட்டைப் பிடிக்கிற அட்டையும் சரி, வால்பாறைப் பக்கம் மழைக்காலத்துல கால்ல ஏறுற காட்டு அட்டையும் சரி, ரெண்டும் அன்னலிடா. மரவட்டை கணுக்காலி. பூரான், நண்டு, கரப்பான்பூச்சி எல்லாம் இருக்கற தொகுதி. கடல் அட்டை முட்தோலி, நட்சத்திரமீனுக்கும் கடல்முள்ளெலிக்கும் சொந்தக்காரங்க. மன்னார் வளைகுடாவுல கிடைக்கிறது. 2001-ல இருந்து அதைப் பிடிக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஆக ஒரே அட்டைங்கற பேர்ல மூணு தொகுதி. நாக்குப்பூச்சியும் அப்படித்தான். சில ஊர்ல மண்புழுவை நாக்குப்பூச்சின்னு சொல்லுவாங்க, குழந்தைங்க வயித்துல இருக்கற உருளைப்புழுவையும் நாக்குப்பூச்சின்னுதான் சொல்லுவாங்க. ஒண்ணு மண்ணை வளமாக்குறது, இன்னொண்ணு மருந்து கொடுத்து வெளியேத்த வேண்டியது.

வண்ணமீன் வளர்க்கறவங்களுக்கு இன்னொரு குழப்பம் இருக்கு. சென்னை கொளத்தூர் கடைகள்ல 'பிளட் வார்ம்'னு விக்கிறது கைரோனமஸ்ங்கற ஈயோட இளம்பருவம், பூச்சி. பக்கத்துலயே 'டியூபிஃபெக்ஸ்'னு கொத்துக்கொத்தா சிவப்பா விக்கிறது அன்னலிடா. ரெண்டும் சிவப்பு, ரெண்டுலயும் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின்தான். தட்டுல போட்டு லென்ஸ்ல பார்த்தா, பிளட் வார்முக்குக் கெட்டியான குட்டித் தலை தனியாத் தெரியும், தலைக்குக் கீழ ரெண்டு குட்டைக் கால் மாதிரி முட்டு இருக்கும், உடம்பை எட்டு போட்டு உதறும். டியூபிஃபெக்ஸுக்குத் தனியாத் தலையும் இருக்காது, காலும் இருக்காது. சேத்துல தலையைப் புதைச்சுக்கிட்டு வாலை மேல நீட்டி ஆட்டிக்கிட்டே இருக்கும். கடைக்காரர்கிட்ட எந்தப் பேரைச் சொல்லி வாங்கினாலும், வீட்டுக்கு வந்து எந்தத் தொகுதின்னு பார்க்கத் தெரிஞ்சிருக்கணும். தொகுதிப் பேரைக் கத்துக்கறதே அதுக்குத்தான்.

சரி, அன்னலிடாங்கற பேர். 1758-ல ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் விலங்குகளை வகைப்படுத்தினப்போ, முதுகெலும்பும் இல்லாம பூச்சிக் கூட்டத்துலயும் சேராததை எல்லாம் 'வெர்மெஸ்'னு ஒரே கூடையில போட்டார். மண்புழு, நத்தை, நட்சத்திரமீன், குடற்புழு எல்லாம் அதுல இருந்தது. பிறகு 1800-களோட தொடக்கத்துல பிரெஞ்சு அறிஞர் லாமார்க் அதுல இருந்து ஒரு கூட்டத்தைப் பிரிச்சு எடுத்து இந்தப் பேரை வெச்சார். இலத்தீன்ல சின்ன மோதிரம், சின்ன வளையம்னு பொருள் தர்ற சொல்லுல இருந்து வந்தது. அதனாலதான் நம்ம பாடநூல்ல வளைதசைப்புழுக்கள்னு படிக்கிறீங்க. பேர் அழகான பேர்தான். ஆனா அதை வெச்சு வளையம் இருந்தா அன்னலிடான்னு முடிவு பண்ணினா அடிசறுக்கும்.

இங்கதான் நான் எத்தனையோ வீடியோவுல சொன்ன விஷயத்தை மறுபடியும் சொல்றேன். பழைய நேயர்கள் பொறுத்துக்கங்க. வளையம் வேற, கண்டம் வேற. வெளியில தோல்ல தெரியறது வளையம். உள்ள உறுப்புகளோட சேர்ந்து இருக்கற பகுதி கண்டம். அன்னலிடாவுக்கு முக்கியம் கண்டம்தான்.

மூணு விலங்கை எடுத்துக்கங்க. மண்புழுவுல ஒரு வளையம் பார்த்தா பெரும்பாலும் அது ஒரு கண்டம். அட்டையில நடு உடம்புல அஞ்சு வளையம் சேர்ந்தாத்தான் ஒரு கண்டம். மரவட்டையில ஒரே வளையத்துக்குள்ள ரெண்டு கண்டம் ஒட்டிக்கிட்டு இருக்கு. அதனாலதான் அதுக்கு ஒரு வளையத்துக்கு ரெண்டு ஜோடிக் கால். தலைக்கு அடுத்த முதல் நாலு வளையத்தை விட்டுட்டுப் பாருங்க, அதுக்கு அப்புறம் ஒவ்வொரு வளையத்துலயும் ரெண்டு ஜோடி இருக்கும். பார்க்கறதுக்கு எல்லாம் வளையம்தான், உள்ள கணக்கு ஒண்ணுக்கு ஒண்ணு, அஞ்சுக்கு ஒண்ணு, ஒண்ணுக்கு ரெண்டு. வெளி வளையத்தை நம்பி எண்ணினீங்கன்னா மூணுல ரெண்டு தடவை தப்பான விடைதான் வரும்.

நூற்புழுவுக்கும் வெளித்தோல்ல குறுக்கு வரிகள் உண்டு. செடி வேரைத் தாக்குற சில நூற்புழுக்கள்ல நுண்ணோக்கியில பார்த்தா வளையம் பிரமாதமாத் தெரியும். உள்ள ஒரே குழாய், கண்டம்ங்கற பேச்சுக்கே இடமில்லை. மேற்குத்தொடர்ச்சி மலையில மண்ணைத் தோண்டும்போது சிசிலியன் கிடைக்கும். உடம்பு பூரா வளையம் வளையமாப் பெரிய மண்புழு மாதிரியே இருக்கும். வாயைத் திறந்து பாருங்க, பல்லும் தாடையும் இருக்கும். அது தவளையோட உறவு, நீர்நில வாழ்வி.

அப்போ கண்டம்னா உள்ள என்ன இருக்கணும்? மூங்கிலைப் பிளந்து பார்த்திருப்பீங்க, வெளியில கணு இருக்கற இடத்துல உள்ள ஒரு தடுப்பு இருக்கும். மண்புழுவும் அப்படித்தான். வெளியில பள்ளம் இருக்கற இடத்துல உள்ள மெல்லிசா ஒரு தடுப்புச்சவ்வு உடற்குழியைப் பிரிக்குது. முன்பக்கத்துல சில கண்டங்கள்ல மட்டும் அந்தச் சவ்வு இருக்காது. ஒவ்வொரு அறைக்குள்ளயும் உடற்குழித் திரவம், வெளிச்சுவர்ல வட்டத்தசையும் நீளத்தசையும், கழிவை வடிகட்டுற நெஃப்ரீடியா, அடிப்பக்கம் ஓடுற நரம்புத் தண்டுல ஒரு முடிச்சு, வெளியில சீட்டாங்கற நுண்முட்கள். இந்தத் தொகுப்பு முன்னால இருந்து பின்னால வரை திரும்பத் திரும்ப வருது. உணவுக்குழாயும் ரத்தக்குழாயும் நரம்புத் தண்டும் மட்டும் எல்லா அறையையும் ஊடுருவிப் போகுது.

இதனால புழுவுக்கு என்ன லாபம்? மண்புழு நகர்றதைக் கவனிங்க. வட்டத்தசை இறுகினா அந்த இடம் மெலிஞ்சு நீளும், நீளத்தசை இறுகினா அந்த இடம் குட்டையாகித் தடிக்கும். உள்ள திரவம் அறை அறையா அடைபட்டு இருக்கறதால முன்பக்கம் நீளும்போதே நடுப்பக்கம் தடிக்க முடியுது. தடிச்ச இடத்துல சீட்டா மண்ணைக் கவ்விக்கும், நீண்ட இடம் முன்னால போகும். அறை பிரியாம ஒரே பையா இருந்திருந்தா ஒரு பக்கம் அமுக்கினா திரவம் பூரா இன்னொரு பக்கம் போயிடும், இந்த மாதிரி இடத்துக்கு இடம் தனித்தனியா இயங்க முடியாது.

இப்ப அட்டைக்கு வாங்க. அட்டையில அந்தத் தடுப்புச்சவ்வே இல்லை! உடற்குழியும் பெரும்பாலும் திசுவால அடைஞ்சு போயிருக்கு. சீட்டாவும் இல்லை. அப்புறம் எப்படி அதை அன்னலிடாங்கறோம்? உறுப்புகள் திரும்பத் திரும்ப வர்ற கணக்கு அப்படியே இருக்கு. நம்ம மாட்டு அட்டை ஹிருடினேரியா கிரானுலோசாவுல 17 ஜோடி நெஃப்ரீடியா, 6-ஆவது கண்டத்துல தொடங்கி 22 வரை கண்டத்துக்கு ஒரு ஜோடி. விந்தகப் பை 11 ஜோடி, 12-ல இருந்து 22 வரை. 7 முதல் 22 வரை ஒவ்வொரு கண்டத்துக்கும் வெளியில அஞ்சு வளையம். மொத்தக் கண்டம் 33-ன்னு பாடநூல் சொல்லும், நரம்பு ஆராய்ச்சி நூல்கள்ல 32-ன்னு இருக்கும். தலைநுனிப் பகுதியை எண்ணுற விதத்துல வர்ற வித்தியாசம் அது, பயப்பட வேண்டாம், பரீட்சைக்கு 33. இன்னொண்ணு, அட்டைக்கு வயசாக ஆகக் கண்ட எண்ணிக்கை அதிகமாகாது. முட்டைக்கூட்டுல இருந்து வரும்போது எத்தனையோ அத்தனைதான் கடைசி வரைக்கும்.

வெளியில இருந்து அட்டையோட கண்டத்தை எண்ண முடியுமான்னு கேட்டா, முடியும். முதுகுல வரிசையா வெளிறின சின்னப் புள்ளிகள் இருக்கும், உணர்ச்சிப் புள்ளிகள். அது எல்லா வளையத்துலயும் இருக்காது, ஒரு கண்டத்துக்கு ஒரு வளையத்துல மட்டும்தான் இருக்கும். புள்ளி வளையத்துல இருந்து அடுத்த புள்ளி வளையம் வரை எண்ணினா நடு உடம்புல அஞ்சு வரும். வளையத்தை விட்டுட்டுப் புள்ளியை எண்ணுங்க.

அடுத்து நாடாப்புழு. இதை நிறையப் பேர் கேட்கறாங்க, அதுவும் துண்டு துண்டா இருக்கே, கண்டம்தானேன்னு. பன்றி நாடாப்புழுவுல நூத்துக்கணக்குல துண்டுகள் இருக்கும். ஆனா அதுக்கு உடற்குழியே கிடையாது, அது தட்டைப்புழு. ஒவ்வொரு துண்டும் முழு இனப்பெருக்கப் பை, முதிர்ந்ததும் கழண்டு விழுந்துடும். புதுத் துண்டு எங்க வளருதுன்னு பாருங்க, எல்லாம் தெளிவாயிடும். நாடாப்புழுவுக்குத் தலைக்கு அடுத்த கழுத்துல புதுத் துண்டு உண்டாகும், பழசு வால் பக்கம் தள்ளப்படும். அன்னலிடாவுக்கு நேர் எதிர். மலவாய் இருக்கற கடைசித் துணுக்குக்குச் சரியா முன்னால ஒரு வளர்ச்சி இடம் இருக்கு, புதுக் கண்டம் அங்க உண்டாகும். அதனால தலைப்பக்கம் இருக்கறது மூத்த கண்டம், வால்பக்கம் இருக்கறது இளையது. மண்புழுவை வெட்டினா ரெண்டாகும்னு ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கு. பெரும்பாலான மண்புழுவுல தலைப்பாதி பிழைச்சு வாலை வளர்த்துக்கலாம், வால்பாதி செத்துப்போகும். நம்ம ஊர்ல கிடைக்கிற பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் மாதிரி ஒண்ணு ரெண்டு இனம் மட்டும் இதுல விதிவிலக்கு, அதுக்கு மறுவளர்ச்சி சக்தி ரொம்ப அதிகம். அதை வெச்சு எல்லாத்துக்கும் பொதுவாச் சொல்லிடக்கூடாது.

இப்ப மாணவியோட நடுக்கேள்விக்கு முழுசா வரலாம். மரவட்டைக்கு நிஜமாவே கண்டம் இருக்கு, நாடாப்புழு மாதிரிப் போலி இல்லை. உறுப்புகள் திரும்பத் திரும்ப வருது, நரம்பு முடிச்சும் இருக்கு. இதைப் பார்த்துத்தான் குவியே, அவரும் லாமார்க் காலத்துப் பிரெஞ்சு அறிஞர், அன்னலிடாவையும் கணுக்காலிகளையும் 'ஆர்ட்டிகுலாட்டா'ன்னு ஒரே பெருங்கூட்டத்துல வெச்சார். 1800-கள் பூரா, 1900-கள்ல பெரும்பகுதி, மண்புழு மாதிரி ஒண்ணுதான் பூச்சிக்கும் பூரானுக்கும் மூதாதைன்னு பாடம் நடத்தினாங்க. உங்க கேள்வி அவ்வளவு நியாயமான கேள்வி! 1990-கள்ல மரபணு வரிசைகளை ஒப்பிட ஆரம்பிச்சதும் அது உடைஞ்சது. 1997-ல தோலுரிக்கிற விலங்குகள் எல்லாம் ஒரு கூட்டம்னு நிறுவினாங்க. பூச்சி, மரவட்டை, நண்டு, அதோட நூற்புழுவும் அதுல வந்துடுச்சு. அன்னலிடா அந்தப் பக்கமே போகல. நத்தை, சிப்பி இருக்கற மெல்லுடலிகளோட போய் நின்னுச்சு. இதுக்கு மரபணு தெரியறதுக்கு முன்னாடியே ஒரு தடயம் இருந்தது. கடல்ல வாழற பல அன்னலிடுகளோட இளம்பருவமும் சிப்பி, நத்தைகளோட இளம்பருவமும் ஒரே அமைப்பு, ட்ரோக்கோஃபோர்னு பேர், நடுவுல நுண்ணிழைப் பட்டை சுத்தின பம்பரம்.

மரவட்டையைக் கையில எடுத்துப் பார்த்தாலே மூணு வித்தியாசம் தெரியும். தோல் கெட்டி ஓடு, அதுல சுண்ணாம்புச் சத்தும் உண்டு. கால்ல மூட்டு இருக்கு. வளரணும்னா ஓட்டை உரிச்சாகணும். மண்புழுவுக்கு மிருதுவான ஈரத்தோல், அதுலயே மூச்சு விடுது, உரிக்கிறதில்லை. கம்பளிப்புழு, நிலக்கடலை வேரைக் கடிக்கிற வெள்ளை வேர்ப்புழு, இது எதுவுமே அன்னலிடா ஆகாதுன்னு கால் மூட்டையும் தோலுரிக்கிறதையும் வெச்சுச் சொல்லிடலாம். வேர்ப்புழுவுக்குத் தலைக்குக் கீழ மூணு ஜோடி மூட்டுக்கால் இருக்கும், பாருங்க.

எதிர்ப்பக்கமும் உண்டு. வெளியில கண்டமே தெரியாத அன்னலிடுகள் இருக்கு. நிலக்கடலைப் புழுன்னு சொல்ற சிப்பன்குலா, கரண்டிப் புழுன்னு சொல்ற எக்கியூரா, ரெண்டையும் தனித்தனித் தொகுதியா வெச்சிருந்தாங்க. வளர்ந்த புழுவை அறுத்துப் பார்த்தாக்கூடக் கண்டம் கிடையாது. மரபணு ரெண்டையும் அன்னலிடாவுக்குள்ள கொண்டுவந்து விட்டுது. அப்புறம் எக்கியூராவோட இளம்பருவத்துல நரம்பைச் சாயம் ஏத்திப் பார்த்தப்போ, நரம்புத் தண்டு முடிச்சு முடிச்சா, கண்டக் கணக்குல உருவாகறது தெரிஞ்சுது. வளர வளர அது மறைஞ்சிடுது.

இதைவிட எனக்கு ரொம்பப் பிடிச்சது போகோனோஃபோராங்கற ஆழ்கடல் புழுக்களோட கதை. 1899-1900-ல 'சிபோகா'ங்கற டச்சுக் கப்பல் இந்தோனேசியக் கடல்ல எடுத்த மாதிரியில ஒரு நூல் மாதிரிப் புழு கிடைச்சுது. வாயும் கிடையாது, குடலும் கிடையாது. 1914-ல பிரெஞ்சு விலங்கியலாளர் காலெரி அதுக்கு சிபோக்லைனம்னு கப்பல் பேரைச் சேர்த்தே பேர் வெச்சார். பிறகு பல கடல்கள்ல கிடைச்சுது. எல்லாரும் ஆராய்ஞ்சாங்க, கண்டத்தைக் காணோம். முதுகெலும்புள்ள நம்ம பக்கத்துக்குத்தான் சொந்தம்னுகூட வகைப்படுத்தினாங்க. 1960-கள்லதான் உண்மை தெரிஞ்சுது. அந்தப் புழு குழாய்க்குள்ள வாழுது, வால்நுனி சேத்துல ஊன்றியிருக்கு. வலை போட்டு இழுக்கும்போது ஒவ்வொரு தடவையும் வால் பிய்ஞ்சு கடலுக்கு அடியிலயே தங்கிடுச்சு. வாலோட முழுசா ஒண்ணு கிடைச்சப்போ பார்த்தா, அந்த வால்ல வரிசையாக் கண்டம், கண்டத்துக்குக் கண்டம் சீட்டா! அரை நூற்றாண்டு அறிஞர்கள் பார்த்துக்கிட்டு இருந்தது வால் இல்லாத புழுவை. 1977-ல கலபகோஸ் பக்கத்துல கடலடி வெந்நீர் ஊத்துகள்ல கண்டுபிடிச்ச, ஆள் உயரத்துக்கு மேல வளர்ற ரிஃப்டியா குழாய்ப்புழுவும் இதே குடும்பம்தான். இன்னைக்கு எல்லாம் அன்னலிடாவுக்குள்ள, சிபோக்லினிடேங்கற ஒரே குடும்பம்.

சரி, பரீட்சையில எப்படி எழுதறது. அன்னலிடாங்கறது தொகுதியோட பேர், ஒரு கூட்டத்தோட பேர். ஒரு விலங்கைச் சொல்லணும்னா அன்னலிட், பலதுன்னா அன்னலிடுகள், இல்லைன்னா வளைதசைப்புழுக்கள். "மண்புழு ஒரு அன்னலிடா"ன்னு எழுதாதீங்க. "மண்புழு அன்னலிடா தொகுதியைச் சேர்ந்தது", இது சரி. "மண்புழு ஓர் அன்னலிட்", இதுவும் சரி. "அன்னலிடாக்கள்" வேண்டாம், அந்தப் பேர் இலத்தீன்லயே பன்மைதான். ஆங்கிலத்துல எழுதறவங்க தொகுதிப் பேருக்கு முதல் எழுத்தைப் பெருசாப் போடுங்க. விலங்கைக் குறிக்கிற அன்னலிட்டுக்குச் சின்ன எழுத்து போதும். எழுத்துக்கூட்டல்ல என் ரெண்டு, எல் ஒண்ணு. நிறையப் பேர் இதை மாத்திப் போட்டு மதிப்பெண்ணை விடுறாங்க. தொகுதிப் பேருக்கு அடிக்கோடும் கிடையாது, சாய்வெழுத்தும் கிடையாது. லம்பிட்டோ மாரிட்டின்னு (இது ஒரு மண்புழு இனம்) பேரினமும் சிற்றினமும் எழுதும்போதுதான் அடிக்கோடு, அதுவும் ரெண்டு சொல்லுக்கும் தனித்தனியா.

வரையறை கேட்டா "வளையங்கள் உள்ள புழுக்கள்"னு மட்டும் எழுதிட்டு வராதீங்க. மிருதுவான உடல், உண்மையான உடற்குழி, உள்ளும் புறமும் கண்டங்கள், கண்டம்தோறும் நெஃப்ரீடியாவும் நரம்பு முடிச்சும், பெரும்பாலும் மூடிய ரத்த ஓட்டம், இடப்பெயர்ச்சிக்குச் சீட்டா அல்லது பக்கக்கால் (பக்கவாட்டுல நீட்டியிருக்கற சதைமடல்), அட்டையில ஒட்டுறிஞ்சி. இது எழுதினா போதும். வகுப்புகள் பாலிகீட்டா (பெரும்பாலும் கடல்புழுக்கள்), ஒலிகோகீட்டா (மண்புழு வகை), ஹிருடினியா (அட்டை)ன்னு மூணு. பள்ளித் தேர்வுக்கு இந்த மூணையே எழுதுங்க. கல்லூரியில ப்ராஜெக்ட் பண்றவங்க மட்டும் கவனிக்கணும், மண்புழுவும் அட்டையும் இப்ப கிளைடெல்லாட்டாங்கற ஒரே கூட்டம், அட்டை மண்புழுக் கிளையில இருந்தே பிரிஞ்சது. பாலிகீட்டாவும் ஒரே மூதாதையோட முழு வம்சம் இல்லைன்னு ஆயிடுச்சு. ஆனாலும் பாலிகீட்ங்கற சொல் புழக்கத்துல இருக்கும். கடலோர இறால் பொரிப்பகத்துல தாய் இறாலுக்குத் தீவனமாப் போடுறதை பாலிகீட்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அந்தப் புழு வழியா நோய்க்கிருமி வந்துடக்கூடாதுன்னு பரிசோதிச்சு வாங்கறதும் அவங்க அன்றாட வேலை.

நீங்க கேட்காத, ஆனா கேட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்னு நான் நினைக்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. கையில இருக்கற மண்புழுவுல கண்டத்தை எப்படி எண்றது? படத்துல மட்டும் பார்த்துட்டு, தடிச்ச பட்டை 14-ஆவது கண்டத்துல இருந்து 17 வரைன்னு மனப்பாடம் பண்றதுல ஒண்ணும் இல்லை. மழை பெஞ்ச மறுநாள் காலையில தோட்டத்து மண்ணைக் கிளறினா லம்பிட்டோ மாரிட்டி கிடைக்க வாய்ப்பு அதிகம். 8-ல இருந்து 21 சென்டிமீட்டர் நீளம், வெளிர் பழுப்பு, முன்பக்கம் கொஞ்சம் ஊதா. தண்ணியில அலசி, ஈரமான வெள்ளைத் தட்டுல விடுங்க. காய்ஞ்ச தட்டுல விட்டா தோல் உலர்ந்து மூச்சு முட்டிடும். 10 மடங்கு கைலென்ஸ் போதும். ஆனா நீங்க எண்ணும்போது அது நகர்ந்துகிட்டே இருக்கும், அதான் பெரிய தொல்லை. அதனால நீளமா நீட்டியிருக்கற நேரம் பார்த்து செல்போன்ல நெருக்கமாப் படம் எடுத்து, படத்தைப் பெருசாக்கி எண்ணுங்க.

எது முன்பக்கம்? நல்லா வளர்ந்த புழுவுல தடிப்பா ஒரு பட்டை இருக்கும், கிளைடெல்லம். அது எந்த முனைக்குப் பக்கமோ அது முன்பக்கம். வாய்க்கு மேல சின்ன மடல் ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும், புரோஸ்டோமியம். அதை எண்ணக்கூடாது. இங்கதான் பாதிப் பேர் ஒண்ணு கூட எண்ணிடறாங்க. வாயைச் சுத்தி இருக்கற வளையம்தான் ஒண்ணு. அங்க இருந்து எண்ணிக்கிட்டே வந்தா 13 முடிஞ்சதும் கிளைடெல்லம் தொடங்கும். அதுக்குள்ள பள்ளம் சரியாத் தெரியாது, நாலு கண்டம்னு கணக்கு வெச்சுக்கங்க, 14, 15, 16, 17. அடுத்தது 18. புழுவைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தா 18-ல ரெண்டு ஆண் துளை தெரியும். அது 19-ல தெரியுதுன்னா முன்னாடி எங்கயோ ஒண்ணு கூட எண்ணியிருக்கீங்க. மொத்தம் 165-ல இருந்து 190 வரைக்கும் வரும்.

புழு சுருங்கி இருக்கும்போது எண்ணினா ஒவ்வொரு கண்டத்துக்கு நடுவுலயும் பொய்ப்பள்ளம் விழும், எண்ணிக்கை எகிறிடும். அப்ப பள்ளத்தை விட்டுட்டுச் சீட்டாவைத் தேடுங்க. லம்பிட்டோவுல கண்டத்தோட நடுவுல சுத்தி ஒரே ஒரு வரிசை சீட்டா இருக்கும். முதல் கண்டம், கடைசிக் கண்டம், கிளைடெல்லம், இங்க மட்டும் இருக்காது. ஒரு சீட்டா வரிசை, ஒரு கண்டம். அட்டைக்குப் புள்ளி, மண்புழுவுக்குச் சீட்டா, மறுபடியும் அதே கதைதான், வளையம் வேற கண்டம் வேற. சீட்டா கண்ணுல படலைன்னா புழுவைச் சொரசொரப்பான காகிதத்துல ஊர விட்டுக் காதைப் பக்கத்துல வைங்க, சர்ரு சர்ருன்னு கீறுற சத்தம் கேட்கும்.

மண்புழு உரம் போடறவங்களுக்கு இந்த எண்ணிக்கை காசு மிச்சப்படுத்தும். ஐசினியா ஃபெட்டிடான்னு சொல்லிப் புழு விக்கிறாங்க. ஐசினியாவுக்குக் கிளைடெல்லம் 24-26-ல தொடங்கி 32-33 வரைக்கும் போகும், தலையில இருந்து தள்ளி இருக்கும். நீங்க வாங்கின வளர்ந்த புழுவுல பட்டை 14-கிட்டயே தொடங்கிடுச்சுன்னா அது ஐசினியா கிடையாது. அதுக்கு மேல என்ன இனம்னு சொல்ல ஆண் துளை, சீட்டா அமைப்பு எல்லாம் பார்க்கணும்.

அதே உரப்படுக்கையில வெள்ளை நூல் மாதிரிச் சின்னப் புழு கூட்டமாத் தெரிஞ்சா, நூற்புழு வந்துடுச்சுன்னு பயந்து மருந்து தேடுறாங்க. ஒண்ணை எடுத்துத் தட்டுல ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. நூற்புழுவுக்கு வட்டத்தசை கிடையாது, நீளத்தசை மட்டும்தான். அதால உடம்பை நீட்டிச் சுருக்க முடியாது, ஒரே நீளத்துல நெளிஞ்சு நெளிஞ்சு உதறும். ஒரு இடம் மெலிஞ்சு நீண்டு, இன்னொரு இடம் தடிச்சுக் குறுகிச்சுன்னா அதுக்கு வட்டத்தசை இருக்கு. உரப்படுக்கையில அப்படி நகர்ற ஒரு சென்டிமீட்டர் அளவு வெள்ளைப் புழு பெரும்பாலும் என்கிட்ரெய்டு, அதுவும் அன்னலிடாதான். மண்புழுவைக் கடிக்காது, அழுகினதைத்தான் தின்னும். அது கூட்டமாப் பெருகினா படுக்கையில ஈரம் அதிகம், புளிப்பு ஏறிடுச்சுன்னு அர்த்தம். ரெண்டு மூணு நாள் தண்ணி தெளிக்கிறதை நிறுத்துங்க, சமையல் கழிவைக் குறைச்சுக்கிட்டு காய்ஞ்ச இலையும் கொஞ்சம் முட்டை ஓட்டுத் தூளும் கலந்து கிளறி விடுங்க. மருந்து மட்டும் அடிச்சிடாதீங்க, அதுல மண்புழுவும் சேர்ந்து செத்துப்போகும்.